புழுக்கை சொல்லும் சேதி

தீபாவளிக்கு மறுநாள் காலை. வாசலில் சிதறிக் கிடந்த வெடிக் காகிதங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுச் சிறுமி கையில் ஒரு தட்டோடு வந்து நின்றாள். ஏழாம் வகுப்பு படிக்கிறவள். தட்டில் ஒரு கேரட் துண்டும் கொஞ்சம் கொத்தமல்லித் தழையும் இருந்தன. தழை வாடிப்போயிருந்தது.

"மாமா, பஞ்சு சாப்பிடவே மாட்டேங்குது. கொத்தமல்லின்னா உசிரையே விடும். இன்னிக்கு மோந்துகூடப் பாக்கல. அம்மா என்னடான்னா, ஒரு வேளை வயித்தைக் காயப் போட்டா சரியாயிடும்கிறாங்க."

பஞ்சு அவர்கள் வீட்டு வெள்ளை முயல். வயது இரண்டு.

நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தேன். "கடைசியா எப்போ புழுக்கை போட்டுச்சு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சீ! அதையெல்லாம் யாரு மாமா பாப்பாங்க?"

பார்க்க வேண்டும் பிள்ளைகளே! முயல் வளர்க்கிறவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் முனகும். முயல் மூச்சுக் காட்டாது. காட்டில் நோயாளி என்று தெரிந்துவிட்டால் நரியும் கழுகும் அதைத்தானே முதலில் குறிவைக்கும்? அதனால் வலியை மறைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது முயலின் பிறவிக் குணம். அது வாயால் சொல்லாததைப் புழுக்கை சொல்லிவிடும்.

காயப் போடக் கூடாத வயிறு

நமக்கு வயிறு கெட்டால் பாட்டி, "ஒரு வேளை பட்டினி கிட" என்பார். நமக்கு அது பல நேரம் பலிக்கும். மூன்று வேளை உண்டு, நடுவில் ஓய்வெடுக்கும் வயிறு நம்முடையது. முயல் அப்படியில்லை. ஒரு நாளில் முப்பது தடவைக்கும் மேல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்கும். நலமாக இருக்கும் முயலின் இரைப்பை முழுக்கக் காலியாவதே இல்லை.

இன்னொரு வேடிக்கை. நமக்கு அறுவைச் சிகிச்சை என்றால், அதற்குப் பல மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது என்பார்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். முயலை அப்படிப் பட்டினி போடுவதில்லை. ஏனென்றால் முயலால் வாந்தி எடுக்கவே முடியாது! அதன் இரைப்பையின் மேல்வாயில் இருக்கும் தசை வளையம் அவ்வளவு இறுக்கம். உள்ளே போனது முன்னால்தான் போயாக வேண்டும். ஒருவழிப் பாதை. அதில் ஒரு வண்டி நின்றுபோனால் பின்னால் வருகிற வண்டிகளெல்லாம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு சல்லடை, ஒரு மாவுப் பானை

புல்லைச் செரிப்பது லேசான வேலை இல்லை. அதிலுள்ள நாரை உடைக்கும் திறமை எந்தப் பாலூட்டிக்கும் சொந்தமாகக் கிடையாது. நுண்ணுயிரிகளைத்தான் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மாடு அவற்றை இரைப்பையில் வைத்திருக்கிறது. முயல் தன் நுண்ணுயிரிகளுக்குக் குடலின் பின்பகுதியில் இடம் கொடுத்திருக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில், ஒரு பக்கம் மூடிய பை ஒன்று உண்டு. அதன் பெயர் சீக்கம். நம் உடம்பில் அது சின்னஞ்சிறியது. முயலுக்கோ குடலிலேயே பெரிய பகுதி அதுதான்.

வீட்டில் மாவு சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நைசான மாவு கீழே விழும், கப்பி சல்லடையிலேயே நிற்கும். முயலின் பெருங்குடல் அந்த வேலையைத்தான் செய்கிறது. நீளமான, சொரசொரப்பான நாரைக் "கப்பி" என்று பிரித்து வேகமாக வெளியே தள்ளிவிடும். அதுதான் நாம் பார்க்கும் உருண்டைப் புழுக்கை. நுண்ணிய துகளையும் சாற்றையும் பின்னோக்கித் தள்ளிச் சீக்கத்துக்குள் அனுப்பும்.

சீக்கத்தில் என்ன நடக்கிறது? இட்லி மாவுப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நுண்ணுயிரிகள் வேலை செய்து மாவைப் புளிக்க வைக்கின்றன அல்லவா? அதே மாதிரி இங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் புல் துகளை நொதிக்க வைக்கின்றன. அதில் உண்டாகும் அமிலங்கள் முயலுக்கு எரிபொருள். கூடவே புரதமும் பி வகை வைட்டமின்களும் தயாராகின்றன.

ஆனால் ஒரு சிக்கல். சத்தெல்லாம் உண்டாவது குடலின் கடைசியில். உறிஞ்சும் சிறுகுடலோ முன்னாலேயே முடிந்துவிட்டது. முயல் இதற்கு என்ன செய்கிறது தெரியுமா? சீக்கத்தில் புளித்ததை மெத்தென்ற சிறு உருண்டைகளாக, திராட்சைக் கொத்து மாதிரி வெளியே விட்டு, குனிந்து வாயிலேயே வாங்கி, மெல்லாமல் விழுங்கிவிடும். இரண்டாவது முறை போகும்போது சிறுகுடல் சத்தை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஆளரவம் இல்லாத நேரத்தில் இது நடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. 1882இல் மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார்.

"உவ்வே" என்கிறீர்களா? முயலுக்கு அது மருந்து, மாத்திரை, சத்துமாவு எல்லாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செரிக்காத அந்தக் கப்பியில் முயலுக்குச் சத்து அதிகம் இல்லை. ஆனால் குடலை அசைய வைப்பதே அதுதான். நீள நார் உள்ளே வந்துகொண்டே இருந்தால்தான் குடல் தள்ளிக்கொண்டே இருக்கும். நார் நின்றால் ஆலை நின்றுவிடும்.

பஞ்சுவின் தட்டு

அவள் வீட்டுப் பால்கனிக்குப் போனோம். பஞ்சு கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. காதைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. கிட்டே குனிந்தால் நறநறவென்று பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. தடவிக் கொடுக்கும்போது முயல் சுகமாக மெல்லப் பல்லை உரசுவது உண்டு. இது வேறு. பலமாக, விட்டு விட்டு வந்தது. இது வலி.

முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு வைத்த புல் வைத்தபடியே இருந்தது. கூண்டின் கீழ்த் தட்டை வெளியே இழுத்தேன். நலமான முயல் ஒரு நாளில் இருநூறு, முந்நூறு புழுக்கை போடும். எல்லாம் கொண்டைக்கடலை அளவில், ஒரே மாதிரி உருண்டையாக இருக்கும். இங்கே மொத்தமே இருபதுக்குள்தான். சில மிளகு அளவுக்குச் சிறுத்திருந்தன. சில கோணலாக இருந்தன. நாலைந்து, முடியில் கோத்த மணி மாதிரி ஒன்றோடொன்று தொங்கின.

தட்டின் ஓரத்தில் பழைய புழுக்கை ஒன்று கிடந்தது. அதைத் தீக்குச்சியால் பிளந்து காட்டினேன். மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. உள்ளே பொன்னிறத்தில் புல் நார் தெரிந்தது. பிறகு இரவில் போட்ட சின்னதை அழுத்தினேன். கல் மாதிரி இறுகிக் கிடந்தது. கறுப்பு நிறம். நாரையே காணோம்.

"பாத்தியா? இதுதான் பஞ்சு எழுதி வச்ச லெட்டர். நேத்து ராத்திரியே எழுதிடுச்சு."

அவள் இப்போது சிரிக்கவில்லை.

வெடிச் சத்தத்துக்கும் வயிற்றுக்கும் என்ன உறவு?

திடீரென்று ஒரு நாய் துரத்தினால் உங்களுக்குப் பசி தெரியுமா? உடம்பு முழுக்க "ஓடு" என்ற ஒரே கட்டளைதான். அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கும். இதயம் படபடக்கும். இரத்தம் கால் தசைகளுக்குப் பாயும். "செரிமான வேலையெல்லாம் அப்புறம்" என்று குடலுக்கு உத்தரவு போய்விடும்.

முயலுக்கு ஒவ்வொரு வெடிச் சத்தமும் ஒரு வேட்டை மிருகம். சாயங்காலம் தொடங்கி நள்ளிரவு வரை பஞ்சுவுக்கு "ஓடு, ஓடு" என்ற கட்டளை வந்துகொண்டே இருந்தது. ஓட இடமில்லை. புல் இறங்கவில்லை. குடல் மெதுவானது.

அதற்குப் பிறகு ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும் சங்கிலி. குடல் மெதுவாகிறது. உள்ளே இருப்பதிலிருந்து நீர் வற்றி அது இறுகுகிறது. சீக்கத்தில் வாயு சேர்ந்து வயிறு வலிக்கிறது. வலியில் முயல் இன்னும் சாப்பிடாது. சாப்பிடாததால் குடல் இன்னும் மெதுவாகும். இதற்கிடையில் பட்டினி கிடக்கும் உடம்பு சேமித்த கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அந்தக் கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்து அதையும் கெடுக்கும். இந்த நிலையைக் குடல் தேக்கம் என்று சொல்லலாம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் முயல் எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசர நிலை. நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை.

முடி குற்றவாளியா?

"முடியை நக்கி விழுங்கியிருக்கும், அதுதான் வயித்தை அடைச்சிடுச்சு" என்று பலரும் சொல்வார்கள். பழைய புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. முயல் பூனையைப் போல உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும். அதனால் அதன் இரைப்பையில் எப்போதும் கொஞ்சம் முடி இருக்கும். குடல் ஓடிக்கொண்டிருந்தால் அந்த முடி புழுக்கையோடு சேர்ந்து போய்விடும். குடல் நின்று, நீர் வற்றும்போதுதான் முடியும் உணவும் பிசைந்து கட்டியாகிறது. ஆக, முடிக்கட்டி பெரும்பாலும் காரணம் இல்லை, விளைவு. சில சமயம் இறுகிய முடி உருண்டை சிறுகுடலில் போய் நிஜமாகவே அடைத்துக்கொள்வதும் உண்டு. அது மிக ஆபத்தானது. எது எது என்று வெளியிலிருந்து பார்த்து நம்மால் சொல்ல முடியாது.

குடல் நிற்க வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் முக்கியமானது பல். முயலுக்கு 28 பற்கள். எல்லாமே ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். காய்ந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்றால்தான் அவை தேயும். நிமிடத்துக்கு நூறு முறைக்கும் மேல் தாடையை ஆட்டி மெல்லும்! கேரட்டும் கடையில் வாங்கும் தீவன உருண்டையும் மட்டுமே போட்டால் கடைவாய்ப் பல் ஓரம் கூராக வளர்ந்து நாக்கையோ கன்னத்தையோ கிழிக்கும். அப்போது முயல் ஆசையாகத் தட்டருகே வரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும்.

அடுத்தது வெயில். நாம் வீட்டில் வளர்க்கும் முயலின் முன்னோர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மண்ணில் வளை தோண்டி வாழ்ந்தவை. நம் ஊர் வயல்வெளியில் துள்ளி ஓடும் காட்டு முயல் வேறு இனம். 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வீட்டு முயலுக்குக் கம்பளிச் சட்டை போட்ட உடம்பு. நம்மைப் போல வியர்த்துக் குளிரவும் முடியாது. பெரிய காதுகளின் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் செம்மறியாட்டோடு முயலையும் வளர்க்கிறது என்றால், அந்த மலைக்குளிர் அவற்றுக்கு ஒத்துப்போவதும் ஒரு காரணம். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கூண்டை வைத்தால் முயல் முதலில் நிறுத்துவது சாப்பாட்டைத்தான்.

மருத்துவர் செய்தது

பண்டிகை மறுநாள். மூன்று இடத்துக்குப் போன் செய்து, நாலாவதாகத்தான் முயலைப் பார்க்கிற கால்நடை மருத்துவர் கிடைத்தார். அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, பஞ்சுவை வைத்து, பக்கத்தில் ஒரு பிடி புல்லும் போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

அவர் முதலில் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். சிறுமியின் காதிலும் மாட்டிவிட்டார். "ஒண்ணுமே கேக்கல டாக்டர்!" "அதான் பிரச்சினை. நல்லா இருக்கிற குடல் களக் களக்குன்னு பேசிட்டே இருக்கும்."

அடுத்து உடல் வெப்பம். முயலுக்கு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். நமக்குக் காய்ச்சல் என்கிற சூடு அதற்குச் சாதாரணம். பஞ்சுவுக்கு 37.6தான் இருந்தது. உடனே வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு எக்ஸ்ரே. குடலில் அடைப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்கினார்.

வலி குறைய ஊசி, தோலுக்கு அடியில் உப்பு நீர், குடலை அசைக்க மருந்து. கடைசியாக, புல் தூளைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்தார். முன் பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் முயலுக்கு ஒரு வெற்றிடம் உண்டு. அந்தப் பக்கவாட்டு இடைவெளியில் நுனியை வைத்து, கொஞ்சம் விட்டு, அது விழுங்கும்வரை காத்திருந்து, மறுபடி கொஞ்சம் விட்டார்.

"இதை நாங்களே காலைல வீட்டுல பண்ணியிருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"கூடாதும்மா. அடைப்பு இருந்து, வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருந்தா, மேல மேல ஊட்டினா இரைப்பை வெடிச்சிடும். முதல்ல பாக்கணும், அப்புறம்தான் ஊட்டணும்."

நீங்களும் முயல் வளர்க்கிறீர்களா?

• முயலின் சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். மருந்து அடிக்காத அருகம்புல், தீவனப்புல், காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். கீரை, தழை கொஞ்சம். தீவன உருண்டை அதைவிடக் குறைவு. கேரட் இனிப்பு மாதிரி, என்றைக்காவது ஒரு துண்டு. முயலுக்குக் கேரட்தான் உணவு என்பது கார்ட்டூன் சொல்லிக்கொடுத்த கதை!

• புது உணவைச் சில நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். திடீரென்று மாற்றினால் சீக்கத்து நுண்ணுயிரிகள் தடுமாறிவிடும்.

• தண்ணீரை அகலமான கனமான கிண்ணத்தில் வையுங்கள். வெயில் காலத்தில் நிழலும் காற்றும் வேண்டும். வெடி வெடிக்கும் நாளில் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி போடுங்கள்.

• முயல் சாப்பிடவில்லையா? கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது என்று குறித்துக்கொண்டு, பெரியவர்களிடம் சொல்லி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். காது சில்லென்று இருந்தால் கதகதப்பாக வையுங்கள். வெயிலில் வாடியிருந்தால் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள்.

• நம் வீட்டு மாத்திரை, கஷாயம், விளக்கெண்ணெய், பால் எதுவும் வேண்டாம். நாம் சாப்பிடும் அமாக்சிசிலின் போன்ற மருந்து முயலின் வயிற்றுக்குள் போனால் நல்ல நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். அதனால் உயிரே போகலாம்.

• உங்கள் ஊரில் முயலைப் பார்க்கிற மருத்துவர் யார் என்று இன்றைக்கே கேட்டு, எண்ணைக் குறித்து வையுங்கள். தேவைப்படும் நாளில் தேடினால் நேரம் போய்விடும்.

• தினமும் காலையில் தட்டைப் பாருங்கள். எண்ணிக்கை, அளவு, உருவம். பார்த்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஏழு

அன்று இரவு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுமியும் அவள் அம்மாவும் மருத்துவர் காட்டிக்கொடுத்தபடியே கூழ் ஊட்டினார்கள். விடியும்வரை எதிர்வீட்டு விளக்கு அணையவில்லை.

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கலைந்த தலையோடு நின்றிருந்தாள். கையில் மடித்த நாளிதழ்த் துண்டு. விரித்துக் காட்டினாள். சின்னச் சின்னதாக ஏழு புழுக்கைகள்.

"மாமா, ஏழு! அஞ்சு மணிக்குப் போட்டுச்சு. புல்லும் ரெண்டு இழுப்பு இழுத்துச்சு!"

அவளே சட்டைப் பையிலிருந்து தீக்குச்சியை எடுத்தாள். கடைசி உருண்டையை மெதுவாகப் பிளந்தாள். விளக்கடியில் இருவரும் குனிந்து பார்த்தோம். இறுகிய கறுப்புக்கு நடுவே, ஊசி முனை அகலத்துக்கு ஒரு பொன்னிற நார் தெரிந்தது.

இப்போது பஞ்சுவின் கூண்டுக்கு மேலே ஒரு குறிப்பேடு தொங்குகிறது. தேதி, தின்றது, போட்டது என்று மூன்று கட்டம். பள்ளிக்குக் கிளம்பும் முன் அவள் குனிந்து எண்ணுவதை என் ஜன்னலிலிருந்து பார்க்கலாம். வயிற்றைக் காயப் போடச் சொன்ன அம்மாவும் சமையலறையிலிருந்து தினம் ஒரு குரல் கொடுக்கிறார்:

"எத்தனைடி இன்னிக்கு?"